மாடி வீட்டு டாக்டரும் ஆனையூர் பெயின்டரும்

எங்கள் வீடு மதுரை அண்ணாநகரில் இருக்கிறது. அரவிந்த் கண் ஆஸ்பத்திரிக்கு நடந்தே போய்விடலாம். மாடியில் தனியாக ஒரு போர்ஷன்: ஹால், படுக்கையறை, சமையலறை, முன்னால் வேப்பமரம் தொடுகிற சின்ன வராண்டா. பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அந்த போர்ஷனை வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட ஆரம்பித்தேன். தெருவில் என்னை இன்னமும் ‘டீச்சர்’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். மாடியில் குடிவருகிறவர்கள் வாயிலும் அதே பெயர் ஒட்டிக்கொண்டுவிடும். நைரோபியிலிருந்து வந்த டாக்டரும் விஸ்கான்சினிலிருந்து வந்த மாணவியும் என்னை டீச்சர் என்றே கூப்பிட்டார்கள்.

மதுரையில் வெளிநாட்டுக்காரர்கள் குடியிருக்கிறார்களா என்று சென்னைச் சொந்தக்காரர்கள் கேட்பதுண்டு. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருப்பதுபோல் கொரியர்களுக்கென்று தனிக் கடைத்தெரு இங்கே கிடையாது. ஆனாலும் ஆட்கள் வந்தபடி இருக்கிறார்கள். 1976-ல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு ஆரம்பித்த கண் ஆஸ்பத்திரி இன்று உலகம் முழுவதிலுமிருந்து கண் டாக்டர்கள் கற்றுக்கொள்ள வருகிற இடமாக இருக்கிறது. அவர்களுக்கு அங்கேயே தங்குமிடம் உண்டு. குடும்பத்தோடு வருகிறவர்களும் கொஞ்சம் நீண்ட காலம் இருக்க நினைக்கிறவர்களும் வெளியே வீடு தேடுவார்கள். இன்னொரு கூட்டம் தமிழ் படிக்க வருவது. அமெரிக்கன் இன்ஸ்டிட்யூட் ஆஃப் இந்தியன் ஸ்டடீஸ் நடத்திய தமிழ் வகுப்புக்காக எத்தனையோ மாணவர்கள் மதுரைக்கு வந்திருக்கிறார்கள். கோயில், கிராமம், கூத்து என்று ஆராய்ச்சிக்கு வருகிறவர்கள் தனி.

வீட்டு ஓனராக எனக்கு வருகிற முதல் வேலை படிவம். வெளிநாட்டுக்காரர் ஒருவர் நம் வீட்டில் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் போலீசுக்குத் தெரிவித்துவிட வேண்டும். ‘சி பாரம்’ என்று எங்களுக்குப் பழக்கமான படிவம் அது. ஹோட்டல், தர்மசத்திரம், ஆஸ்பத்திரி, சாதாரண வீடு எல்லாவற்றுக்கும் இதே விதிதான். இப்போது கம்ப்யூட்டரிலேயே அனுப்பிவிடலாம். பாஸ்போர்ட் எண், விசா எண், எந்த ஊரில் விசா கொடுத்தார்கள், இந்தியாவுக்குள் என்றைக்கு வந்தார், இங்கே வருமுன் எங்கே இருந்தார், அடுத்து எங்கே போகிறார், ஒரு போட்டோ. இவ்வளவும் கேட்கும். 180 நாளுக்கு மேல் தங்குகிற விசா என்றால், வந்த 14 நாளுக்குள் அவரும் தன் பங்குக்குப் பதிவு செய்துகொள்ள வேண்டும். மதுரை நகரத்துக்குள் இருப்பவர்களுக்குப் போலீஸ் கமிஷனர் ஆபீஸ்தான் இதற்குப் பொறுப்பு. 2025 செப்டம்பர் 1 முதல் பழைய வெளிநாட்டவர் சட்டங்கள் நான்கையும் எடுத்துவிட்டு ஒரே புதிய சட்டம் கொண்டுவந்திருக்கிறார்கள். 24 மணி நேரக் கெடு அதிலும் மாறவில்லை.

ராத்திரி பதினொரு மணிக்குப் பிளேனில் வந்து இறங்கி, இரண்டு சூட்கேசோடு மாடிப்படியில் நிற்கிற பெண்ணிடம், “குளிக்கும் முன்னால் பாஸ்போர்ட்டைக் கொடும்மா” என்று கேட்பது எனக்கு ஆரம்பத்தில் சங்கடமாக இருந்தது. பிறகு எங்கள் தெருப் பையன் ஒருவன் சீனாவில் டாக்டர் படிப்பு முடித்து வந்தான். ஹோட்டலில் இல்லாமல் வீட்டில் தங்கினால் அங்கேயும் 24 மணி நேரத்துக்குள் வட்டாரப் போலீஸ் நிலையத்தில் பதிந்துகொள்ள வேண்டுமாம். அவனுக்கு வீடு கொடுத்த சீன அம்மாள் தானே கூட்டிக்கொண்டு போய்ப் பதிந்து, திரும்பும்போது வழியில் நூடுல்ஸ் வாங்கிக் கொடுத்தாளாம். அதைக் கேட்டபிறகு நானும் படிவத்தை முடித்த கையோடு இரண்டு இட்லியும் ஒரு டம்ளர் பாலும் மாடிக்கு அனுப்பிவிடுகிறேன். வந்தவருக்கு அந்த ராத்திரியில் தேவை அதுதான்.

படிவத்தை ஒருமுறை நிரப்பினால் முடிந்தது. அன்றாட வாழ்க்கையில் வருகிற சிக்கல்கள் வேறு மாதிரி. முதலாவது வாடகை. மதுரையில் நிறைய வீடுகள் ஒத்திக்குத்தான் போகும். ஒரு பெரிய தொகையை மொத்தமாகக் கொடுத்துவிட்டு, மாத வாடகை இல்லாமல் இரண்டு மூன்று வருஷம் குடியிருந்து, காலி செய்யும்போது அதே தொகையைத் திருப்பி வாங்கிக்கொள்வது ஒத்தி. அமெரிக்கக்காரர்களுக்கு இது எவ்வளவு சொன்னாலும் பிடிபடாது. வாடகை வாங்காமல் ஓனருக்கு என்ன லாபம் என்பார்கள். அந்தப் பணத்தைப் புரட்டி அவர் மேலே இன்னொரு மாடி கட்டுவார் என்றால் இன்னும் குழம்பிப்போவார்கள். ஒரு கொரிய டாக்டர் மட்டும் கேட்டவுடனே தலையாட்டினார். அவர் ஊரிலும் இதே ஏற்பாடு உண்டாம், ஜொன்சே என்று பெயராம். சியோலில் அவர் அப்பா அம்மா கல்யாணமான புதிதில் ஜொன்சே வீட்டில்தான் இருந்தார்களாம். ஒத்தி, வாடகை எதுவானாலும் “கறி மீன் சமைக்கக்கூடாது”, “கல்யாணமாகாதவர்களுக்குக் கொடுக்க மாட்டோம்” என்று சொல்கிற ஓனர்கள் நிறைய. இங்கே கதவுகள் சாத்தப்படுவது வெளிநாட்டுக்காரர்களுக்கு மட்டுமில்லை. நம் ஊர்ப் பிள்ளைகளும் இதைக் கேட்டுவிட்டுத்தான் அலைகிறார்கள். நான் ஒரே நிபந்தனைதான் சொல்வேன்: மோட்டார் போட்டால் தொட்டி நிறைந்ததும் நிறுத்த வேண்டும்.

தண்ணீரைப் பற்றி வருகிறவர்களுக்குப் பொறுமையாகச் சொல்லித்தர வேண்டியிருக்கிறது. கார்ப்பரேஷன் குழாயில் தினமும் வராது. வருகிற நேரத்தில் தரைத்தொட்டியில் பிடித்து, மோட்டார் போட்டு மாடித் தொட்டிக்கு ஏற்ற வேண்டும். போர் தண்ணீர் குளிக்க, துவைக்க. குடிக்க, சமைக்க 20 லிட்டர் கேன். வெயில் முற்றினால் லாரித் தண்ணீர். குழாயைத் திறந்தால் நாள் முழுக்கத் தண்ணீர் கொட்டும் ஊரிலிருந்து வந்தவர்களுக்கு நான்கு விதத் தண்ணீரை நான்கு வேலைக்குப் பிரித்துப் புழங்கப் பழக ஒரு மாதம் ஆகும். பழகிவிட்டால் நம்மைவிடக் கவனமாக இருப்பார்கள். அந்த நைரோபி டாக்டருக்கு நான் ஒன்றும் சொல்லித்தரவே வேண்டியிருக்கவில்லை. அவர் ஊரிலும் தண்ணீர் வண்டி வருமாம்.

பணம் கொடுப்பது இப்போது வந்த புதுச் சிக்கல். டீக்கடை, பூக்காரம்மா, ஷேர் ஆட்டோ எல்லாரிடமும் ஸ்கேன் செய்கிற அட்டை இருக்கிறது. நம் வங்கிக் கணக்கும் நம் ஊர் செல் நம்பரும் இருந்தால்தான் யூபிஐ வேலை செய்யும். 2023-ல் ஜி20 மாநாட்டை ஒட்டி வெளிநாட்டுப் பயணிகளுக்கென்று முன்பணம் போட்டுப் பயன்படுத்துகிற ஒரு யூபிஐ ஏற்பாடு வந்தது. அதை வாங்கி வைத்திருந்த ஒருவரையும் நான் இதுவரை பார்க்கவில்லை. சீனாவிலும் இதே கதைதான் என்று அந்த மெடிக்கல் பையன் சொன்னான். அங்கே காய்கறிக்காரர்கூட அலிபே, வீசாட் அட்டையைத்தான் நீட்டுவாராம். 2023-க்குப் பிறகுதான் வெளிநாட்டு கார்டை அதில் இணைப்பது எளிதாயிற்று. எங்கள் தெரு முக்கு மளிகைக்கடை அண்ணாச்சி இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார். மாடி வீட்டுக்காரருக்கு ஒரு சின்ன நோட்டு. மாதக் கடைசியில் மொத்தமாக ரொக்கம். அறுபது வருஷத்துக்கு முன்னால் என் அம்மாவுக்கு இருந்த பற்று நோட்டுத்தான் அது.

சத்தத்தையும் சொல்லியாக வேண்டும். பங்குனி, சித்திரை மாதங்களில் தெரு மாரியம்மன் கோயிலில் கொடி கட்டினால் விடியற்காலை நாலரைக்கே மைக் செட் ஆரம்பிக்கும். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளும் நோயாளிகளும் இதில் படுகிற பாடு எனக்குத் தெரியும். இதை வெளிநாட்டுக்காரரின் புகார் என்று ஒதுக்கிவிடக்கூடாது. இது நம் எல்லாருக்குமான புகார். கோயில் கமிட்டிக்காரர்களிடம் நானே போய்ப் பேசி, எங்கள் வீட்டைப் பார்த்து இருந்த குழாயை வேறு பக்கம் திருப்பி வைத்தோம். விஸ்கான்சினிலிருந்து தமிழ் படிக்க வந்த அந்த மாணவியோ கள்ளழகர் ஆற்றில் இறங்குகிற அன்று நள்ளிரவிலேயே எழுந்து, என்னையும் இழுத்துக்கொண்டு வைகைக்கரைக்குப் போய்விட்டாள். மீனாட்சியம்மன் கோயிலில் கொடிமரத்தைத் தாண்டி உள்ளே விடமாட்டார்கள் என்று நான் முதலிலேயே சொல்லிவிடுவேன். பலர் வருத்தப்படுவார்கள். பொற்றாமரைக் குளத்துப் படியில் உட்கார்ந்து வருகிறவர் போகிறவரைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வருவார்கள்.

இந்த ஊரில் வந்து தங்கிய வெளிநாட்டுக்காரர்களின் கதை பழையது. 1606-ல் இத்தாலியப் பாதிரியார் ராபர்ட் தெ நொபிலி மதுரைக்கு வந்தார். கொஞ்ச நாளிலேயே காவி கட்டி, மரக்காலணி போட்டு, இறைச்சியைவிட்டு, ஒருவேளைச் சோறும் காய்கறியுமாக வாழத் தொடங்கினார். தமிழும் சமஸ்கிருதமும் கற்றார். அதற்காக அவர் சபைக்குள்ளேயே விசாரணை நடந்து, கடைசியில் 1623-ல் போப் அனுமதி கொடுத்தார். 1834-ல் யாழ்ப்பாணத்திலிருந்து அமெரிக்க மிஷனரிகள் வந்தார்கள். சமவெளியின் வெக்கையும் காய்ச்சலும் காலராவும் அவர்களையும் அவர்கள் குழந்தைகளையும் வரிசையாகக் கொண்டுபோயின. தப்பிக்க இடம் தேடித்தான் 1845-ல் கொடைக்கானலில் வீடு கட்டினார்கள். இன்று நாம் கோடை விடுமுறைக்குப் போகிற ஊர், மதுரை வெயில் தாங்காத வெளிநாட்டுக் குடும்பங்கள் பிள்ளைகளைக் காப்பாற்ற ஏறிப்போன ஊர். சீனாவோடும் மதுரைக்கு ஒரு தொடர்பு உண்டு. அமெரிக்காவின் ஓபர்லின் கல்லூரியைச் சேர்ந்த அமைப்பு ஒன்று, சீனாவின் ஷான்சி மாகாணத்துப் பள்ளிக்கு இளம் ஆசிரியர்களை அனுப்பிக்கொண்டிருந்தது. சீனாவில் ஆட்சி மாறி அந்த வழி அடைபட்டபின், 1950-களில் அதே அமைப்பு தன் ஆசிரியர்களை மதுரை அமெரிக்கன் கல்லூரிக்கு அனுப்பியது. பிறகு லேடி டோக் கல்லூரிக்கும் வந்தார்கள். சீன நகரம் ஒன்றில் வீடு பிடித்துத் தங்கியிருக்க வேண்டிய இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகள் தல்லாகுளத்தில் தங்கி இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தார்கள்.

இப்போது வெயிலைப் பற்றி. மாடி போர்ஷனில் நான் கேட்கிற பெரிய குறை இதுதான். ஏப்ரல், மே மாதங்களில் 40 டிகிரியைத் தாண்டும். பகலெல்லாம் மொட்டை மாடி உறிஞ்சிய சூடு ராத்திரி முழுக்கக் கீழே இறங்கும். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 மணிக்கு கரண்டை நிறுத்தினால் சாயங்காலம்தான் வரும். தமிழ் படிக்க வந்த அந்த மாணவி ஒரு மே மாதம் ஈரத் துண்டை விரித்து அதன்மேல் படுத்திருந்ததைப் பார்த்துவிட்டு, மொட்டை மாடித் தட்டோட்டின் மேல் வெள்ளை கூலிங் பெயின்ட் அடிக்க ஏற்பாடு செய்தேன். தெருவில் நாலு வீட்டுக்கு அடித்த பெயின்டரையே கூப்பிட்டேன். ஆனையூரிலிருந்து வருகிறவர். வேலை சுத்தம். சொன்ன நேரத்துக்கு வருவார்.

மாணவிக்குத் தமிழ் பேசிப் பார்க்க ஆள் கிடைத்தால் விடமாட்டாள். டீ கொண்டுபோனபோது இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

“அண்ணே, நீங்க பேசுறது எங்க டீச்சர் பேசுற மாதிரி இல்லையே. எந்த ஊரு?”

“மன்னார் பக்கம், தங்கச்சி. பேசாலை.”

“இலங்கையா? அப்ப நீங்களும் என்னை மாதிரி வெளிநாட்டுக்காரரா?”

“ஓம். நானும் ஃபாரினர்தான். உங்களுக்கு விசா இருக்கு. எனக்கு அதுவும் இல்லை.”

1990-ல் சண்டை மறுபடி மூண்டபோது எட்டு வயதுப் பையனாகப் படகேறி வந்தவர் அவர். மண்டபம் முகாமில் இறக்கி, பெயரைப் பதிந்து, பிறகு மதுரைக்கு அனுப்பினார்கள். ஆனையூர் முகாமிலேயே வளர்ந்தார், அங்கேயே கல்யாணம். மகள் பிறந்தது மதுரைப் பெரியாஸ்பத்திரியில். ஈஸ்டருக்குக் கீழவெளி வீதி மரியன்னை கோயிலுக்குப் போவார். மதுரையில் எந்தச் சந்து எங்கே முடியும் என்று என்னைவிட நன்றாகத் தெரியும். பேச்சில் பாதி மன்னார், பாதி மதுரை. ‘அங்கிட்டு’ என்பார், அடுத்த வாக்கியத்தில் ‘கதைச்சனான்’ என்பார். எங்கள் வீட்டுக்கு வெள்ளையடித்த அந்த மனிதர்தான் நான் சந்தித்தவர்களிலேயே நீண்ட காலம் மதுரையில் குடியிருந்த வெளிநாட்டுக்காரர். எனக்கு அது அன்றைக்குத்தான் உறைத்தது. அதன்பிறகு ஆனையூருக்கு அடிக்கடி போகிறேன்.

மதுரை மாவட்டத்தில் ஆனையூர், திருமங்கலத்துக்குப் பக்கத்தில் உச்சப்பட்டி, மேலூர் பக்கம் திருவாதவூர் ஆகிய இடங்களில் இலங்கைத் தமிழர் முகாம்கள் இருக்கின்றன. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு 2010 வரை தமிழ்நாட்டுக்கு வந்தவர்கள் 3,04,269 பேர் என்று 2021-ல் சட்டமன்றத்தில் அரசு சொன்னது. திரும்பிப் போனவர்கள், வேறு நாடுகளுக்குப் போனவர்கள் போக, அப்போது 108 முகாம்களில் 58,822 பேரும், முகாமுக்கு வெளியே போலீசில் பதிந்துகொண்டு 34,087 பேரும் இருந்தார்கள். இது ஒரு நடுத்தர ஊரின் ஜனத்தொகை. இவர்களில் கணிசமானவர்கள் இந்த மண்ணிலேயே பிறந்த பிள்ளைகள்.

முகாம் வீடு என்பது பல இடங்களில் பத்துக்குப் பத்து அறை. ஆரம்பத்தில் தற்காலிகமாகப் போட்ட கூரையிலேயே இரண்டு தலைமுறை வளர்ந்துவிட்டது. 2021 ஆகஸ்டில் முதலமைச்சர் ஸ்டாலின் 317.40 கோடி ரூபாய்த் திட்டம் அறிவித்தார். அதில் இடிந்துபோன 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித் தருவது முக்கியமானது. மாத உதவித்தொகை குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாய், பெரியவர்களுக்கு 1,000, பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு 500 என்று உயர்ந்தது. அகதிகள் முகாம் என்ற பெயரையும் மறுவாழ்வு முகாம் என்று மாற்றினார்கள். இந்த மூன்றும் நல்ல காரியங்கள், மனமாரச் சொல்கிறேன். புது வீட்டுக்குள் முதன்முதலாகச் சமையலறைக் கதவைச் சாத்தித் திறந்து பார்த்த ஒரு அம்மாளின் முகத்தை நான் நேரில் பார்த்தேன்.

வீடு மாறியிருக்கிறது, நடைமுறை அவ்வளவாக மாறவில்லை. கணக்கெடுப்பு நாளில் வருவாய்த் துறையிலிருந்து ஆள் வரும்போது பெயர் உள்ளவர்கள் நேரில் இருக்க வேண்டும். அன்றைக்கு பெயின்டருக்கு வேலை போச்சு. வெளியூரில் பெரிய வேலை கிடைத்து ஒரு வாரம் தங்கவேண்டுமென்றால் சொல்லிவிட்டுப் போகவேண்டும். முகாம்களைக் கண்காணிக்கிற கியூ பிராஞ்ச் போலீஸ் விசாரிக்கும். 2016 மார்ச்சில் உச்சப்பட்டி முகாமில் நடந்ததை மதுரைக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஆஸ்பத்திரியில் இருந்த மகனின் பெயரைப் பதிவது பற்றிக் கணக்கெடுக்க வந்த அலுவலரோடு வாக்குவாதம். அந்தத் தகப்பன் எல்லார் கண்முன்னாலும் மின்கோபுரத்தில் ஏறி உயிரை விட்டார். அன்றைக்கு நான் பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பெயர் இருக்கிறதா இல்லையா என்பது ஒரு குடும்பத்துக்கு என்ன என்று அதைப் படித்தபோது கொஞ்சம் புரிந்தது.

பெயின்டர் வேலை முகாம் ஆண்களுக்கு ஏன் இவ்வளவு பொதுவாக இருக்கிறது என்று கேட்டேன். அவர் சொன்ன பதில் நேரடியானது. பெயின்ட் அடிக்க யாரும் சர்டிபிகேட் கேட்பதில்லை. காலையில் போய் சாயங்காலம் கூலி வாங்கிக்கொண்டு முகாமுக்குத் திரும்பிவிடலாம். என்ஜினியரிங் முடித்த பையன்கள்கூட அவரோடு சாரத்தில் நிற்கிறார்கள். பள்ளிக்கூடமும் கல்லூரியும் முகாம் பிள்ளைகளுக்குத் திறந்துதான் இருக்கின்றன. படிப்புக்கு அரசு உதவித்தொகையும் உண்டு. தடை வருவது படிப்பு முடிந்தபிறகு. அரசு வேலைத் தேர்வுக்கு விண்ணப்பிக்கும் இடத்தில் குடியுரிமை கேட்கிறார்கள். பாஸ்போர்ட் கிடையாது. சொந்தப் பெயரில் ஒரு சென்ட் நிலம் வாங்க முடியாது. அவர் மகள் பி.காம். முடித்து ஒரு தனியார் கம்பெனியில் கணக்கு எழுதுகிறாள். கெட்டிக்காரி. அவளை துபாய் ஆபீசுக்கு அனுப்பக் கம்பெனி நினைத்தது. பாஸ்போர்ட் இல்லையென்றதும் அடுத்த மேஜைப் பெண் போனாள்.

சட்டம் எங்கே முடிச்சுப் போட்டிருக்கிறது என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். இந்தியாவில் 1950 ஜனவரி 26-லிருந்து 1987 ஜூன் கடைசி வரை பிறந்தவர்கள், பெற்றோர் யாராக இருந்தாலும், பிறப்பால் குடிமக்கள். அதற்குப் பிறகு பிறந்தவர்களுக்கு அப்பா அம்மாவில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருக்கவேண்டும். 2004 டிசம்பரிலிருந்து இன்னொரு நிபந்தனை: மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இருக்கக்கூடாது. இங்கே நீண்ட காலம் வாழ்ந்த வெளிநாட்டவர் விண்ணப்பித்துக் குடியுரிமை வாங்க வழி இருக்கிறது. மொத்தத்தில் 12 வருஷம் இருந்திருக்க வேண்டும். எங்கள் மாடிக்கு வருகிற டாக்டர்களில் யாராவது அப்படித் தங்கிவிட்டால் சட்டம் அவருடைய மனுவை வாங்கிக்கொள்ளும். முப்பத்தைந்து வருஷமாக இங்கே வாழும் பெயின்டரின் மனுவை வாங்கிக்கொள்ளாது. பாஸ்போர்ட், விசா இல்லாமல் நாட்டுக்குள் வந்தவர் சட்டவிரோதக் குடியேறி. அவருக்கு அந்த வழி அடைப்பு. எட்டு வயதுப் பையன், குண்டு விழுகிற கரையிலிருந்து ராத்திரிப் படகில் ஏறும்போது எந்த ஆபீசில் விசா வாங்கியிருப்பான்?

2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்த ஆறு சமயத்தாருக்கு அந்தத் தடையை நீக்கியது. இலங்கை அதில் சேரவில்லை. ஏன் சேர்க்கவில்லை என்பதற்கு எனக்குத் திருப்தியான பதில் எந்தப் பக்கத்திலிருந்தும் கிடைத்ததில்லை. முகாம்களில் மலையகத் தமிழர்களும் இருக்கிறார்கள். தேயிலைத் தோட்டத்துக்கு இங்கிருந்தே கூட்டிப் போகப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள். 1964-ல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் கையெழுத்திட்ட ஒப்பந்தப்படி 5,25,000 பேரை ஏற்றுக்கொள்வதாக இந்தியா ஒப்புக்கொண்டது. அவர்களைக் கொண்டுவந்த ராமேஸ்வரம் கப்பல் 1984-ல் நின்றுபோனது. அந்தக் கணக்கு முடியவே இல்லை. அப்படிப்பட்ட 65 பேர் தொடுத்த வழக்கில், அவர்களுடைய குடியுரிமைக் கோரிக்கையைப் பரிசீலிக்க வேண்டும் என்று 2019 ஜூனில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சொன்னது.

அதே மதுரைக் கிளையில்தான் இன்னொரு கதவும் திறந்தது. 1986-ல் மண்டபம் முகாமில் பிறந்து, திருச்சி கொட்டப்பட்டு முகாமில் வாழ்ந்த ஒரு பெண் பாஸ்போர்ட் கேட்டு விண்ணப்பித்தார். மறுத்துவிட்டார்கள். 1987-க்கு முன் இங்கே பிறந்தவர் என்பதால் சட்டப்படி அவர் குடிமகள். நீதிமன்றம் 2022-ல் அவருக்குச் சாதகமாகச் சொன்னது. 2024 மக்களவைத் தேர்தலில் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டார். ஆனையூரில் அந்தச் செய்தியைப் பேப்பரிலிருந்து வெட்டி வைத்திருக்கிற வீடு எனக்குத் தெரியும். 1987 ஜூலைக்கு முன் இங்கே பிறந்து, பிறப்புச் சான்றிதழ் கையில் உள்ளவர்கள் யாராவது இதைப் படித்தால், அந்தக் காகிதத்தைப் பத்திரமாக வைத்திருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் வழி மற்றவர்களைவிடத் தெளிவானது.

2025-ன் புதிய சட்டத்தோடு வந்த ஒரு ஆணையில், 2015 ஜனவரி 9 வரை இங்கே தஞ்சம் புகுந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்குப் பாஸ்போர்ட், விசா இல்லாததற்கான தண்டனையிலிருந்து விலக்கு கொடுத்திருக்கிறார்கள். பெயின்டரிடம் அதைப் படித்துக் காட்டினேன். “அப்ப இனி பிடிக்க மாட்டாங்க” என்றார். “ஆமா. ஆனா குடிமகன்னும் சொல்லல” என்றேன். இந்த விலக்கைத் தந்த மத்திய அரசே அடுத்த படியையும் எடுத்துவைக்கலாம். பதிவில் உள்ளவர்கள்மேல் இருக்கிற சட்டவிரோதம் என்ற முத்திரையை எடுத்தால் போதும். நாற்பது வருஷமாகத் தமிழ்நாடு அரசிடம் இருக்கும் முகாம் பதிவேடுகளைவிட நம்பகமான சாட்சி வேறு எது வேண்டும்? வந்த நாள், படகு இறங்கிய கரை, பிறந்த பிள்ளைகள், இறந்த பெரியவர்கள் என்று எல்லாம் அதில் தேதியோடு இருக்கிறது. திரும்பிப்போக விரும்புகிறவர்களும் முகாமில் உண்டு. அவர்கள் பாதுகாப்பாகப் போகட்டும். இங்கேயே இருக்க நினைக்கிறவர்களுக்கு, இருப்பதை ஊரறிய இருக்க ஒரு காகிதம் வேண்டும்.

வீட்டு ஓனர்களுக்கும் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். முகாம் என்று சொன்னவுடன் “போலீஸ் தொந்தரவு வரும்” என்று கதவைச் சாத்துகிறவர்களை எங்கள் தெருவிலேயே பார்க்கிறேன். அமெரிக்கப் பாஸ்போர்ட்டுக்கு 24 மணி நேரத்தில் போலீசுக்குத் தகவல் கொடுக்கத் தயாராக இருக்கிற நாம், ஆனையூர்க் குடும்பத்துக்கு ஒருநாள் ஸ்டேஷனுக்குப் போய்வர ஏன் தயங்க வேண்டும்? முகாமைவிட்டு வெளியே வந்து, போலீசில் பதிந்துகொண்டு வாடகை வீட்டில் வாழ வழி இருக்கிறது. உதவித்தொகை நின்றுவிடும். அதைத் தாங்கும் சம்பளம் வருகிறவர்கள் வரப் பார்க்கிறார்கள். அவர்களுக்கு முதலில் ஒரு வீடு வேண்டும், அட்ரசுக்கு ஓனர் ஒரு கடிதம் கொடுக்க வேண்டும்.

மாடியில் இப்போது இருக்கிற கண் டாக்டர் ஜூனில் ஊருக்குப் போகிறார். பெயின்டரின் மகளுக்குத் தை மாதம் கல்யாணம் ஆயிற்று. மாப்பிள்ளை திருவாதவூர் முகாம், ஏசி மெக்கானிக். இருவரும் வந்து மாடியைப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஒத்தியெல்லாம் வேண்டாம், மாத வாடகையே கொடுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். முகாம் பதிவிலிருந்து மாறுவதற்கு அவள் எழுதி வந்த மனுவில் இரண்டு இடத்தில் மட்டும் திருத்தினேன். அட்ரஸ் கடிதத்தை என் கையெழுத்தோடு கொடுத்துவிட்டேன். போலீஸ் ஸ்டேஷனுக்குத் திங்கட்கிழமை போகிறோம். நானும் கூடப் போகிறேன்.